பழையன காத்தலும் திருப்பணியே



திருப்பணி என்றவுடன் புதிய கோபுரமும் புதிய மண்டபமுமே நம் நினைவுக்கு வருகின்றன. தண்டியடிகள் நாயனார் திருவாரூரிலே புதுக்குளம் வெட்டினாரல்லர். தூர்ந்து குறுகிக் கிடந்த பழைய திருக்குளத்தையே, பிறவியிலேயே கண்ணொளி இல்லாத அப்பெருமான், குழியிலும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்து அகலச் செய்தார். இருந்ததைக் காத்த தொண்டு அது.

இதனை உளங்கொண்டு தரங்கம்பாடியைச் சிந்திப்போம். சோழநாட்டுக் கடற்கரையூராகிய அதனைப் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுச் சடங்கன்பாடி என்று குறிக்கின்றது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் இடமளிக்க, டேனியர் அங்கே கோட்டை எழுப்பினர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அகன்றனர். அக்கோட்டையும், 1718ஆம் ஆண்டுத் தேவாலயமும் இன்றும் நன்னிலையில் நிற்கின்றன. கட்டியவர் சமயம் வேறாயினும் அதனால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த மாசிலாமணிநாதர் திருக்கோயிலோ தன் முன்பகுதியைக் கடலுக்கு இழந்துவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையிலே பாறைகளைக் கொட்ட வேண்டியதாயிற்று.

கடல் கொண்டதற்கு நாம் என் செய்வோம் என்பீர்கள். மெய்தான். கடல் கொள்ளாததை நாமே அழிப்பதற்கு யாது விடை? கடற்கரைக் கட்டடத்திலே உப்பு ஊறும். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்தரைத்த சுண்ணச்சாந்து அவ்வீரத்தை வெளியே உலரவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லை அரிக்கும். பூச்சு பளபளக்க, உள்ளே சுவர் பொடியாகும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் அவ்வூர்ப் பழைய வீடுகள் சிலவற்றைப் பழைய முறையிலேயே செப்பனிட்டிருக்கின்றனர். வீட்டுக்குச் செய்ததை ஈசன் கோயிலுக்குச் செய்ய நாம் தயங்குவதேன்?

மணலை விசையோடு வீசிக் கருங்கல்லைத் தூய்மை செய்வதும் அத்தகையதே. அழுக்கோடு எழுத்தும் போய்விடும். விளக்கெரிக்க நிலம் விட்டவன் பெயர் அங்கேதான் இருக்கிறது. வேறு ஏட்டில் இல்லை. அதைச் சுரண்டிவிட்டு, மின்விளக்குக் குழாயிலே நம் பெயரை எழுதுகின்றோம்!

ஆதலின், குடமுழுக்குக்கு நாள் குறிக்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்யுங்கள். தொல்லியல் அறிந்தோரை அழைத்துக் காட்டுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் எவரேனும் உங்கள் ஊரில் இருப்பாராயின், இத்திருவிழா முடிவதற்குள் அவரைத் தேடிச் சென்று, இளைஞர் இருவரை அவரிடம் ஒப்படையுங்கள்.