பானை மூடியில் இருந்த பாடம்

 

பரிசளிப்பு விழாவிலே பெரிய மனிதர்களின் கதையைச் சொல்வது வழக்கம். நான் ஒரு சின்னப் பிராணியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதன் பெயர் மீசோசாரஸ்.

ஓடையோரத்தில் உடும்பு பார்த்திருப்பீர்கள் அல்லவா? பார்வைக்கு ஏறக்குறைய அந்த மாதிரிதான். நீளம் சுமார் மூன்றடி. நீண்ட வால், சவ்வு ஒட்டிய விரல்கள், ஊசி ஊசியாய்ப் பற்கள். ஆழமில்லாத நீரில் நீந்தி, இறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்று, ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இன்று அந்த இனமே இல்லை. கல்லில் பதிந்த எலும்புதான் மிச்சம்.

அப்படிப்பட்ட கல் ஒன்று தென்னாப்பிரிக்காவில், கிரிக்குவா மக்களின் குடிசையில் பானை மூடியாக இருந்ததாம்! அது பாரிஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1860-களில் பால் ஜெர்வே என்ற பிரெஞ்சு அறிஞர் அதை ஆராய்ந்து பெயர் வைத்தார். பிறகு பார்த்தால், அதே பிராணியின் எலும்புகள் பிரேசிலிலும் உருகுவேயிலும் கிடைத்தன. நடுவிலே அட்லாண்டிக் மாகடல்!

நம் பெரியவர்கள் சீவிய பால்மரமும் பிரேசில் நாட்டு மரந்தான். 1876-ல் விதையாக இங்கிலாந்துக்குப் போய், 1877-ல் நாற்றாகச் சிங்கப்பூருக்கு வந்தது. அதைக் கப்பல் கொண்டுவந்தது. இந்தச் சின்னப் பிராணியை யார் கொண்டுபோனார்? மூன்றடி உடம்பை வைத்துக்கொண்டு மாகடலை நீந்திக் கடக்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க.

ஆல்ஃபிரட் வேகனர் என்ற ஜெர்மானியர் யோசித்தார். "பிராணி கடலைக் கடக்கவில்லை, ஒன்றாயிருந்த நிலந்தான் பிரிந்தது" என்ற கருத்தை 1912-ல் வெளியிட்டார். மீசோசாரஸையும் சாட்சிக்கு அழைத்தார். அவரோ வானிலை ஆராய்பவர். "மண்ணைப் பற்றி உனக்கென்ன தெரியும்? நிலத்தை நகர்த்துவது எது?" என்று நிலவியல் அறிஞர் பலர் எள்ளி நகையாடினர். கடைசிக் கேள்விக்கு அவரிடம் சரியான விடை இல்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியிலே ஆராய்ச்சிப் பயணத்தில் மாண்டுபோனார்.

1960-களில்தான் விடை கிடைத்தது. கடலடியில் புதுத் தரை உருவாகிக்கொண்டே இருக்கிறது, நிலங்கள் விலகுகின்றன. வேகம் எவ்வளவு தெரியுமா? நம்ம விரல் நகம் வளர்ற வேகந்தான்! அந்த வேகத்தில்தான் ஒரு மாகடலே பிறந்தது. வேகனர் சொன்னது மெய்யாயிற்று. பாராட்டைக் கேட்க அவர் இல்லை.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய செல்வங்களே, மனமார வாழ்த்துகிறேன். கீழே உட்கார்ந்திருக்கும் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வேகனருக்கும் அவர் காலத்தில் இந்த மேடை கிடைக்கவில்லை. அதனால் அவர் யோசிப்பதை நிறுத்தினாரா? இல்லையே!

பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்துத்தான் வீடு திரும்புகிறீர்கள். பிள்ளை ஒரு கல்லைக் கொண்டுவந்து, "இது என்னப்பா?" என்று கேட்டால், "போடா, வேற வேலை இல்லையா" என்று விரட்டாதீர்கள். தெரியாவிட்டால், "வாத்தியாரைக் கேளு" என்று அனுப்பி வையுங்கள். பானை மூடியிலேயே ஒரு மாகடலின் கதை இருந்ததே! உங்கள் பிள்ளையின் கேள்வியில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது?