கூலி குறைந்தால் ஊர் உயருமா?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஊரகப் பொருளாதாரமும் போட்டித் திறனும்" என்னும் பொருள் பற்றிப் பேசப் பணித்திருக்கின்றீர்கள். நான் பொருளியல் வல்லுநன் அல்லன், பள்ளியாசிரியன். ஆயினும், ஆண்டுதோறும் பொங்கல் கழிந்ததும் என் வகுப்பறையில் காலியாகும் இடங்கள் இப்பொருளை எனக்குக் கற்பித்துள்ளன. சூளைக்காரரிடம் முன்பணம் பெற்ற பெற்றோருடன் பிள்ளைகளும் செங்கல் அறுக்கப் போய்விடுகின்றனர்.

ஒரு வட்டாரம் தன் விளைபொருளையும் கைத்தொழிலையும் பிற வட்டாரங்களுக்கு ஈடுகொடுத்து விற்று வாழும் ஆற்றலே போட்டித் திறன் ஆகும். அதனைப் பெற இரு வழிகள் உள. கூலியைக் குறைத்து விலையைக் குறைப்பது ஒன்று. திறனையும் கருவியையும் பெருக்கி உயர்ந்த பொருளைச் செய்வது மற்றொன்று. முதல் வழி எளிது. ஆனால் அங்கே குறைக்கப்படும் கூலி யாருடையது? நம்முடையதன்றோ! செங்கல் மலிவாக விற்பதற்கு என் மாணவனின் படிப்பு விலையாகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1918-ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். துண்டு நிலங்களைச் சேர்த்துப் பெரிதாக்குவதால் மட்டும் வேளாண்மை செழிக்காது. நிலத்திற்கேற்ற முதலும் கருவியும் வேண்டும். நிலத்தையே நம்பித் தேங்கி நிற்கும் மக்களைத் தொழில்கள் ஏற்க வேண்டும் என்பது அவர் முடிபு. ஊரக வளர்ச்சி பேசுவோர் இன்றும் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிபு அது.

நமக்கோ அந்தத் துண்டு நிலமும் அரிது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 16.6 விழுக்காட்டினர் பட்டியல் இனத்தார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ அவர்கள் பயிரிட்ட பரப்பு 9 விழுக்காட்டையும் எட்டவில்லை. செங்கல்பட்டில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் எனப்படும் அந்நிலத்தைப் பிறர்க்கு விற்கலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. கைம்முதல் அற்றவன் சந்தைக்குப் போனால் தன் உடலுழைப்பைத் தவிர வேறு எதனை விற்பான்?

இரண்டாம் வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வேன். குசராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள், தம் பாலுக்கு உரிய விலை கிட்டாமையால், 1946-இல் பால் தர மறுத்துப் போராடித் தமக்கெனக் கூட்டுறவு ஒன்றியம் கண்டனர். எருமைப் பாலிலிருந்து பால்மாவு செய்ய இயலாது என்று வல்லுநர் பலர் கூறிய காலத்தில், 1955-இல் ஆனந்த் நகரில் ஆலை எழுப்பிச் செய்து காட்டினர். அவர்கள் கூலியைக் குறைத்துப் போட்டியிடவில்லை. ஆலை உற்பத்தியாளருடையதாக இருந்தது. ஆற்றல் மிக்க பொறியாளர்கள் துணை நின்றனர்.

ஆனால் கூட்டுறவு என்று பெயரிட்டவுடன் சமத்துவம் வந்துவிடாது. என் சிறு வயதில், சேரிப் பால் என்று சொல்லி என் அன்னையாரின் பாலை வாங்க மறுத்த சங்கமும் உண்டு. வெறும் செம்புடன் போயிருந்தால் மனம் ஆறியிருக்கும். நிறைந்த செம்புடன் திரும்பி வந்தார். உடைமையில் பங்கு வேண்டும். அதனினும் முன்னதாக, வாயிற்படி ஏறும் உரிமை வேண்டும்.

இளைஞர்களே! நான் உங்களிடம் வேண்டுவன மூன்று. உங்கள் ஊரின் நில ஆவணங்களைப் படித்து, பஞ்சமி நிலம் யார் பெயரில் உள்ளதென்று அறியுங்கள். கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராகுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் கணக்குப் பதிவும் தொழிற்பயிற்சியும் இடம்பெறச் செய்யுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வரும் பொங்கலுக்குப் பின் சூளைக்காரர் முன்பணத்துடன் வருவார். வறுமை எனக்குத் தெரியும்; என் தந்தையாரும் பண்ணையாளாக உழைத்தவரே. ஆயினும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் செல்லுங்கள். நம் சங்கத்து விடுதி அவனை ஏற்கும்படி செய்வது இந்த அவையின் கடமை.

நம் பிள்ளைகள் மலிந்த உழைப்பாக எண்ணப்படும் வரை எந்த ஊரும் உயர்ந்ததாகாது. கல்வி வளர்க! சங்கம் வாழ்க!