மண்ணுண்ணும் வேட்கை

கருவுற்ற பெண் மண்ணை விரும்பியுண்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. சேர மன்னனைப் புகழ்ந்த குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணை வயாவுற்ற மகளிர் உண்பரேயன்றிப் பகைவர் கொள்ளார் என்று புறநானூற்றின் 20ஆம் பாடலிலே கூறுகின்றார். வயா என்பது மசக்கை வேட்கை. அன்று புலவர் பெருமையாகப் பாடியதை, இன்று பல பெண்கள் நாணத்தினால் மறைக்கின்றனர். அந்த மறைவிலேதான் ஆபத்து வளர்கின்றது.

மலசலகூடம் இல்லாதவிடத்து, மலத்தோடு வெளியேறும் புழுமுட்டைகள் மண்ணிலே கலக்கின்றன. வட்டப்புழுவினதும் சாட்டைப்புழுவினதும் முட்டைகள் ஈரமண்ணிற் சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. அம்மண்ணை உண்பவளின் குடலில் அவை பொரிக்கின்றன. மேற்குக் கென்யாவில், புழுமருந்து உட்கொண்ட பின்னரும் மண்ணுண்ட தாய்மாரை வட்டப்புழு மீண்டும் பற்றியதை 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கொழுக்கிப்புழுவின் வழி வேறு. அதன் குடம்பிகள் பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்தே உட்புகுகின்றன; வளர்ந்த புழு குடற்சுவரைக் கௌவி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. இலங்கைத் தோட்டப்புறங்களில் இதனை ஒழிக்கும் இயக்கம் 1916இலேயே தொடங்கியது. ஆகவே, மண்ணை வாயிலிடாதிருந்தால் மட்டும் போதாது. காலுக்குச் செருப்பும் வேண்டும்.

இரும்புச்சத்துக் குறைந்த பெண்களிடம் மண்வேட்கை மிகுதியாகக் காணப்படுகின்றது. குறைவு வேட்கையைத் தூண்டுகின்றதா, வேட்கை குறைவை உண்டாக்குகின்றதா என்பதில் அறிஞரிடையே ஒருமுடிபு இல்லை. ஆயினும், சிலவகைக் களிமண் உணவிலுள்ள இரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கும். மண்ணும் புழுவும் ஒருங்கே சேர்ந்தால் தாய்க்குக் குருதிச்சோகை முற்றும்; பிள்ளை நிறை குறைந்து பிறக்கவுங் கூடும்.

இதற்கு மருந்து உண்டு. இலங்கையில் 1994 முதல், கருப்பத்தின் முதல் மூன்று மாதங் கழிந்தபின் கர்ப்பிணிகளுக்கு மெபென்டசோல் என்னும் புழுமருந்து வழங்கும் முறை ஏற்பட்டது. மருத்துவர் சொல்லாமல் அதனைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. இரும்புச்சத்து மாத்திரையையும் இடையில் நிறுத்தலாகாது.

ஆனால், மறைக்கப்பட்ட பழக்கத்துக்கு எந்த மருத்துவரும் வழிகூற முடியாது. ஆதலால், மருமகளின் முந்தானையில் மண்கட்டியைக் காணும் மாமியார் ஏசாதிருப்பாராக. அவளைக் கைபிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்வாராக. அந்த ஒருநாட் பயணம் இரண்டு உயிர்களுக்குக் காவலாகும்.