சாதிக்கு எங்கே புகார்க் குழு?

தோழர்களே, பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். சரி, "உங்களுக்கு எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு?" என்று தோண்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் சாப்பாட்டு மேசையில் தள்ளி உட்காருகிறானே, அவன்மீது எங்கே புகார் கொடுப்பது? தனியார் நிறுவனத்தில் அதற்கொரு குழுவை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலினப் பாகுபாட்டைத்தான் தடுக்கிறது. நம் ஆட்கள் விமானமேறும்போது சாதியையும் தூக்கிப் போனதால், அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. இங்கே? உங்கள் அலுவலகப் பணி விதிகளை வாங்கிப் படியுங்கள். சாதி என்ற சொல் இல்லையென்றால் மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். தனியாக வேண்டாம், நாலு பேராகக் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள்.