பழைய குறிப்பும் புதிய குறிப்பும்

(சித்தன்னவாசல் அருகே நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



காலையில் ஏழடிப்பட்டம் ஏறி வந்திருக்கிறீர்கள், கால் வலி இன்னும் இருக்கும். அங்கே 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் தமிழ்பிராமி எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். எருமிநாட்டில் பிறந்த காவுதி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்த இருக்கை என்பது அதன் செய்தி. யாருக்கு, யார், என்ன என்பதெல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டது. ஏறக்குறைய 2000 ஆண்டு கழித்து வந்த நமக்கும் விளங்குகிறது. நான் எழுதிய ஒரு வரி ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை.

ஏஐ ஏஜென்ட் பதில் சொல்வதோடு நிற்காமல், நாம் கொடுக்கும் கருவிகளை எடுத்து வேலையும் செய்யும். கருவி என்பது ஒரு சிறு நிரல். நிரலுக்குள் இருப்பதை ஏஜென்ட் பொதுவாகப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், நாம் எழுதிய விளக்கம், அது கேட்கும் விவரங்கள் ஆகியவற்றைக் கொண்டே எதை எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிறது. நினைவும் இப்படிப்பட்ட கருவிதான். ஒன்று சேமிக்கும், இன்னொன்று தேடி எடுக்கும்.

மூன்றாம் வகுப்பு வாசிப்புப் பயிற்சிக்காக நான் ஒன்று அமைத்தேன். பெயர் எதுவும் தரவில்லை, வரிசை எண் மட்டும்தான். சேமிக்கும் கருவிக்கு, "மாணவர் பற்றிய தகவலைச் சேமிக்கும்" என்று எழுதினேன். தேடும் கருவிக்கு, "மாணவர் பற்றிய தகவலைத் தேடும்". அவ்வளவுதான். போதும் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு மாணவியைப் பற்றி, எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். தீபாவளிக்குள் அவள் சரளமாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள். அதையும் சொன்னேன். இரண்டு குறிப்பும் தேதியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நவம்பரில் பயிற்சித்தாள் கேட்டபோது பழையதை எடுத்து, ஈரெழுத்துச் சொற்களாகக் கொடுத்தது. நானும் பார்க்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "டீச்சர், நான் இன்னும் படிக்கலையா?" என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு விளக்கத்தை மாற்றி எழுதினேன். படிக்கிறேன்: "ஒரு மாணவரின் வாசிப்பு நிலையை ஆசிரியர் நேரில் பார்த்துச் சொன்னால் மட்டும் சேமி. பார்த்த தேதியையும் சேர். அதே மாணவருக்கு முந்தைய குறிப்பு இருந்தால் 'பழையது' என்று குறி, அழிக்காதே. குடும்பச் சூழல், உடல்நலம், சாதி ஆகியவற்றை ஒருபோதும் சேமிக்காதே." தேடும் கருவிக்கு: "பயிற்சித்தாள் தயாரிக்கும் முன் பயன்படுத்து. கடைசித் தேதிக் குறிப்பையே எடு. அது 30 நாளுக்கு முந்தையது என்றால் ஆசிரியரிடம் கேள். எதுவும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல், ஊகிக்காதே."

நீளம்தான். ஆனால் பணிக்குப் புதிதாக வந்த ஆசிரியரிடம் இதையெல்லாம் சொல்லித்தானே வகுப்பை ஒப்படைப்போம்?

பழையதை ஏன் அழிக்கவில்லை என்கிறீர்களா? அறிவர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்ததை அது சொல்கிறது. அது இருப்பதால்தான் எது முந்தியது, எது பின்னால் சேர்ந்தது என்று நாம் பேச முடிகிறது. அந்தப் பிள்ளை ஜூனிலிருந்து எவ்வளவு தூரம் வந்தாள் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

விளக்கம் எழுதியும் சில நேரம் தவறும். தாளை அச்சுக்கு அனுப்பும் முன் நான் பார்த்தே ஆக வேண்டும். அந்த வேலையை எந்தக் கருவிக்கும் கொடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு விளக்கம் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறக்காமல் கொடுங்கள். அவர் உங்களிடம் என்ன கேட்கிறாரோ, அதுதான் விடுபட்ட வரி.