வீசினால் ஓரடி நகர வேண்டும்

(தலைப்பு: இயற்கைச் செல்வத்தைக் காப்பது சட்டத்தின் கட்டுப்பாடா? மனிதரின் பண்பாடா? ‘பண்பாடே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். “ஆறு எல்லாருக்கும் சொந்தம்னு சொன்னா அது யாருக்கும் சொந்தமில்லாமப் போயிடும். ஒருத்தர் பேருக்கு எழுதிக் கொடுங்க. அவர் வேலி போடட்டும், காவல் போடட்டும், ஆறு பொழைச்சிக்கும்” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். பேச்சு நல்லா இருந்தது. கருத்துதான் இடிக்குது. (சிரிப்பு)

ஐயா, அப்படி ஒருத்தர் பேருக்கு எழுதிக் கொடுத்த ஆற்றை நான் கண்ணாலே பார்த்துட்டு வந்திருக்கேன். என் மகள் ஸ்காட்லாந்திலே இருக்கிறாள். ஸ்பே என்று ஒரு ஆறு. மலையிலே பிறந்து, 160 கிலோமீட்டருக்கு மேலே ஓடி, வடகடலிலே போய் விழுகிறது. அதன் கரையிலே ஒரு சின்ன ஊர். பேரன் கூப்பிட்டான் என்று மூன்று மாதம் போய் இருந்தேன்.

அந்த ஆற்றிலே சால்மன் என்கிற மீன் இருக்கு. அதைப் பிடிக்கிற உரிமை இருக்கே, அது அந்த நாட்டிலே தனிச்சொத்து. நிலம் ஒருத்தர் பேரிலே இருக்கும், மீன்பிடி உரிமை இன்னொருத்தர் பேரிலே இருக்கும். அதை வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆற்றையே துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ‘பீட்’ என்று பேர். போலீஸ்காரர் சுற்றுகிற பீட் இல்லை, இது மீன் பீட். பல பீட்டிலே கூடவே நின்று வழிகாட்டுவதற்கு ஓர் ஆள் உண்டு. அவருக்குப் பேர் என்ன தெரியுமா? கில்லி! நம்ம பிள்ளைங்க தெருவிலே கிட்டிப்புள் ஆடுகிற கில்லி இல்லீங்க. ஆற்றிலே எந்தக் கல்லுக்குப் பின்னாலே மீன் படுத்திருக்கும் என்று சொல்கிற கில்லி. (சிரிப்பு)

சட்டம் கடுமையானதுதான். அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போட்டால் அது குற்றம். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டாலும் குற்றம். சால்மனுக்கு வார விடுமுறை உண்டு. வீட்டிலே இருக்கிற நமக்குத்தான் கிடையாது! (பலத்த கைதட்டல்)

எதிரணிக்குச் சந்தோஷம். “பார்த்தீங்களா, கட்டுப்பாடு இருக்கு” என்று தலையாட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. வேலியைப் பற்றித்தானே பேசினீங்க? அதே ஸ்காட்லாந்திலே 2003இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. பொறுப்பாக நடந்துகொண்டால் யார் வேண்டுமானாலும் ஆற்றங்கரையிலே நடக்கலாம், தண்ணீரிலே படகு விடலாம். தனியார் நிலமாக இருந்தாலும் சரி. மீன்பிடிக்கிறது மட்டும் அந்த உரிமையிலே சேராது.

படகுக்கு அதற்கும் முன்னாலேயே ஸ்பே ஆற்றிலே ஒரு பெரிய வழக்கு நடந்தது. மீன்பிடி உரிமை வைத்திருந்தவர்கள், துடுப்புப் படகு சொல்லிக்கொடுக்கிற ஒரு பள்ளியின் மேலே வழக்குப் போட்டார்கள். “எங்க மீன் மிரளுது, படகை நிறுத்துங்க” என்று. வழக்கு, அன்றைக்கு அந்த நாட்டின் உச்சநீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போய், 1976இல் தீர்ப்பு வந்தது. என்ன தீர்ப்பு? அந்தக் காலத்திலே மேலே காட்டில் வெட்டின பைன் மரங்களை இந்த ஆற்றிலே மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அதனாலே இது பொதுமக்கள் போய்வருகிற நீர்வழி. மரம் மிதப்பது நின்றுபோனாலும் மக்கள் உரிமை நிற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, தீர்ப்பு வந்தாச்சு. மீன்காரருக்கும் உரிமை, படகுக்காரருக்கும் உரிமை. இரண்டு உரிமையும் ஒரே மடுவிலே நேருக்கு நேர் வந்தால் என்ன நடக்கும்? நான் பார்த்தேன் ஐயா. படகிலே வந்த பெண், தூரத்திலேயே துடுப்பை நிறுத்தினாள். தண்ணீரிலே நின்ற மனிதர் நரம்பைச் சுருட்டிக்கொண்டு, “இந்தப் பக்கம் போம்மா” என்று கை காட்டினார். அவள் சத்தமில்லாமல் போனாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். பிரபுக்கள் சபை உரிமையைக் கொடுக்கும். அந்தச் சிரிப்பைக் கொடுக்குமா? (கைதட்டல்)

இப்போ என் கதைக்கு வருகிறேன். நான் செய்த தப்பு அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றின் ஒரு பகுதியை ஊர்ச் சங்கம் குத்தகைக்கு எடுத்திருந்தது. சீட்டு வாங்கினால் யாரும் இறங்கலாம். என் பேரனுக்குப் பதினொரு வயசு. கைக்காசைச் சேர்த்து வைத்து, ஒரு சனிக்கிழமைக்குச் சீட்டு வாங்கினான். மாப்பிள்ளை கூடப் போனார். நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

போய்ப் பார்த்தால், ஆறு இம்மாம் பெரிசு, தண்ணியிலே நிற்கிறது மூணே பேர். என் பேரன் கரையிலே உட்கார்ந்திருக்கான். “ஏண்டா இறங்கலை?” என்றேன். “வரிசை, அம்மாச்சி” என்றான். ஆற்றிலே என்ன வரிசை? அப்புறம்தான் விளங்கினது. மடுவின் மேல்தலையிலே ஒருத்தர் இறங்குவார். தூண்டிலை வீசுவார். நரம்பு தண்ணியிலே சுற்றி வந்ததும், ஓரடி கீழே நகர்வார். மறுபடி வீசுவார், மறுபடி ஓரடி. நல்ல இடம் கிடைத்தது என்று அங்கேயே குத்தவைத்து உட்காரக் கூடாது. அவர் கொஞ்சம் கீழே போனதும் அடுத்தவர் மேலே இறங்குவார். இப்படியே எல்லாருக்கும் முழு மடுவும் கிடைக்கும். முன்னாலே இருக்கிறவருக்குக் கீழே போய் குறுக்கே இறங்குவதுதான் அங்கே பெரிய மரியாதைக்குறைவு.

இதெல்லாம் தெரியாத நான் என்ன செய்தேன்? சாப்பிட்டாச்சு. கண் எதிரே தண்ணி ஓடுது. நம்ம கை சும்மா இருக்குமா? தூக்குச்சட்டியைக் கழுவலாம் என்று நேராகப் போய், ஒரு பெரியவர் நின்றிருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கினேன். மூடி கை நழுவி, கல்லிலே பட்டு, ‘டங்’ என்று ஒரு சத்தம். கோயில் மணி மாதிரி! (சிரிப்பு) அவர் எந்த மீனுக்காகக் காலையிலேயிருந்து காத்திருந்தாரோ, அது அந்தச் சத்தத்திலே கடலுக்கே போயிருக்கும்.

திரும்பிப் பார்த்தால் என் பேரன் முகம் செத்துப்போச்சு. கண்ணிலே தண்ணி. மெதுவாகச் சொன்னான்: “இனிமே நம்மளை இங்கே விடமாட்டாங்க, அம்மாச்சி.”

ஐயா, எனக்கு அறுபத்தெட்டு வயசு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தவள். அன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை தலை குனிய நான் காரணமாக நின்றேன்.

அந்தப் பெரியவர் என்ன செய்திருக்கலாம்? சத்தம் போட்டிருக்கலாம். சங்கத்திலே புகார் கொடுத்திருக்கலாம். சட்டப் புத்தகம் அவர் பக்கம். அவர் நரம்பைச் சுருட்டினார். கரைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். குனிந்து என் மூடியை எடுத்துக் கையிலே கொடுத்தார். “சோப்பு போட்டீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். “இல்லை” என்றேன். “நல்லது. இந்தச் சரளைக் கல்லுக்குள்ளேதான் மீன் குழி பறித்து முட்டை வைக்கும்” என்றார். பிறகு என் பேரனைப் பார்த்து, “அடுத்த முறை உன்னது, என் இடத்திலே இறங்கு” என்றார். தன்னுடைய முறையை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியிலே போய் உட்கார்ந்தார். (நீண்ட கைதட்டல்)

இது எந்தச் சட்டத்திலே எத்தனாவது பிரிவு? எதிரணியினர் சொல்லட்டும்.

சாயங்காலம் அவருக்கே ஒரு சால்மன் மாட்டினது. என் முழங்கை நீளம். எனக்குக் குழம்பு ஞாபகம் வந்துவிட்டது. அவர் கையை நனைத்துக்கொண்டார். மீனைத் தண்ணியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. முள்ளைக் கழற்றினார். தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து, அது தெம்பாகிற வரைக்கும் காத்திருந்தார். வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விட்டது. நான் கேட்டேன், “விடுறதுக்கா நாள் முழுக்க நின்னீங்க?” “நாளைக்கு உங்க பேரனும் பிடிக்க வேண்டாமா?” என்றார்.

இது அவர் ஒருத்தர் குணம் இல்லை. வீட்டுக்குக் கொண்டு போகச் சட்டம் இடம் கொடுக்கிற ஆறுகள் அங்கே உண்டு. அப்படி இருந்தும், ஸ்காட்லாந்திலே தூண்டிலில் பிடிபடுகிற சால்மனிலே 100க்கு 90க்கு மேலே திரும்ப ஆற்றுக்கே போகிறது. ஏன் என்றால் அந்த மீன் குறைந்துகொண்டே வருகிறது. 1952இலிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். அதுவரை இல்லாத குறைவு 2023இல். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் சால்மனை, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலிலே சேர்த்துவிட்டார்கள்.

உடைமையாளர்களை நான் குறை சொல்லவில்லை. ஆற்றைக் கவனிக்கிற வாரியத்துக்கு அவர்கள்தான் வரி கட்டுகிறார்கள். காவலர் சம்பளம் அதிலிருந்துதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் கையிலே இருப்பது பிடிக்கிற உரிமை. நீந்துகிற மீன், பிடிபடுகிற வரைக்கும் யாருக்கும் சொந்தமில்லை. ஸ்பேயிலே பொரித்த குஞ்சு கடலுக்குப் போய், வடக்கே குளிர்ந்த கடலிலே வளர்ந்து, பிறந்த ஆற்றையே தேடி வருகிறது. எத்தனை பேருடைய எல்லையைத் தாண்டி வருகிறது! அது பத்திரம் படித்துவிட்டா வருகிறது? ஒருத்தர் வேலி கட்டி அதைக் காப்பாற்ற முடியுமா?

நார்வே நாட்டிலே 1970களில் ஓர் ஒட்டுண்ணி நுழைந்தது. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆறு ஆறாகச் சால்மனை அழித்தது. அதை ஒழிக்க ஆற்றுக்கே மருந்து ஊற்றி, இருந்த மீனையெல்லாம் கொல்ல வேண்டி வந்தது. அது பிரிட்டனுக்குள் இன்னும் வரவில்லை. வந்தால் எப்படி வரும்? ஒருத்தருடைய ஈரமான பூட்சிலே வரலாம், வலையிலே வரலாம். சங்கம் கையெழுத்து வாங்கலாம். ஆனால் வீட்டுக் கொல்லையிலே அந்தப் பூட்சைக் கழுவிக் காயவைத்தோமா இல்லையா என்பது அவருக்கும் அவர் மனச்சாட்சிக்கும் மட்டும்தான் தெரியும். அங்கே எந்தக் காவல்காரர் வந்து நிற்பார்?

அங்கேயும் அசிங்கம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுந்த நைலான் நரம்பை அப்படியே போட்டுவிட்டுப் போவான். பறவை காலிலே சுற்றிக்கொள்ளும். பாட்டிலை உடைத்துப் போடுவான். குத்தகை கொடுத்தவர் எவ்வளவு நாள் பொறுப்பார்? ஒருத்தன் செய்த காரியத்துக்காக அடுத்த வருஷம் சீட்டே இல்லை என்று சொல்லிவிடுவார். அப்போது கைக்காசு சேர்த்து வைத்த பிள்ளை கரையிலேயே நிற்கும். ஆக, கதவைத் திறந்து வைத்திருப்பது உடைமையாளர் கை மட்டும் இல்லை. உள்ளே வருகிறவன் நடத்தைதான்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நடுவர் ஐயா. யார் ஆற்றிலே இறங்கலாம் என்று சட்டம் சொல்லும். இறங்கினவன் எப்படி நிற்கணும், எப்போ நகரணும் என்பதைப் பண்புதான் சொல்லும். ஆறு பிழைப்பது அந்த இரண்டாவதிலே.

(மணி அடிக்கிறது.)

நடுவர் மணி அடித்துவிட்டார். என் தூக்குச்சட்டிச் சத்தம் மாதிரியே இருக்கு! (சிரிப்பு) நான் வீச வேண்டியதை வீசிட்டேன் ஐயா. மைக் நல்ல இடம்தான், விட மனசு வராது. ஆனால் அடுத்தவர் வரிசையிலே காத்திருக்கிறார். ஓரடி நகர்ந்து கொள்கிறேன்.