சுவருக்கு இருக்கும் சுதந்திரம்

 

சென்னையின் பழைய சலூன்களில் ஒரு பலகை தொங்கும்: "இங்கு அரசியல் பேசாதீர்கள்." டீக்கடைகளிலும் பார்த்திருப்போம். பல கடைகளில் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே அரைகுறை உடையில் நடிகையின் படமும் இருக்கும். அதற்குத் தடை கிடையாது. கடைக்காரரை நாம் குறை சொல்லவில்லை. வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானால் உடைவது அவருடைய கண்ணாடி. ஆனால் நகரமே இப்போது அந்தக் கடையைப் போல ஆகிவிட்டதே!

நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போக நிற்கும் பஸ் நிறுத்தத்தைப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் ஆபாச போஸ்டர், காதருகே கெட்ட வார்த்தை. சட்டம் இல்லையா? பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959லேயே சட்டம் வந்தது. பெண்களை ஆபாசமாகச் சித்திரிப்பதற்கு எதிராக 1986இல் வந்தது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசமாகப் பேசினால், பாடினால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. இவையெல்லாம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நாலு பேர் கூடிப் பேச நினைத்தால் மட்டும் சட்டம் உடனே விழித்துக்கொள்கிறது. 1888இல் வெள்ளைக்காரன் போட்ட சென்னை மாநகரக் காவல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 41ஆம் பிரிவைக் காட்டித்தான் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு. சுதந்திரப் போராட்டக் காலத்தில் தலைவர்கள் முழங்கிய திலகர் திடல் இருந்தது மெரினாவில்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டதும் அங்கேதான். இப்போது அங்கே சுண்டல் வாங்கலாம், கோரிக்கை வைக்க முடியாது.

இதில் நம் பங்கும் உண்டு. போஸ்டரைப் பார்த்தால் மகளை வேறு தெரு வழியாகப் போகச் சொல்கிறோம். மகனிடம் என்ன சொல்கிறோம்? சூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது, பெண்களுக்கு அடுத்துத்தான். அரசியல் என்றால் "நமக்கெதற்கு வம்பு" என்கிறோம். எரியாத தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்கு அருகே மதுக்கடை, அந்தச் சுவர் எல்லாமே அரசியல்தான். கலந்தாலோசனை என்ற பொருளில் அஷ்ஷூரா என்று ஓர் அத்தியாயத்தின் பெயரே இருக்கிறது. நாமோ கல்யாண மண்டபத்துக்கு மட்டும் ஆலோசனை செய்கிறோம்.

கிராமசபை போல நகரத்துக்கும் பகுதி சபை வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் நடத்தினார்கள். கவுன்சிலர் இருக்கும் இடத்தில், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எழுந்து கேட்கலாம். அடுத்த சபைக்கு அறிவிப்பு வந்ததும் தெருவுக்கு இரண்டு பெண்களாவது நம்முடன் வர வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நின்று அனுபவிப்பவர்கள் அவர்கள்தானே, அவர்களே பேசட்டும். சுவர், விளக்கு என இரண்டையும் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். போஸ்டரின் அடியில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.